மகள் கூடைப்பந்து அணியோடு லித்துவேனியா போகிறாள், எதைக் கற்றுக்கொடுத்து அனுப்புவது?

கேள்வி: தேனி_அப்பா

மகளுக்கு 15 வயது, கிளப் அணியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் போட்டியைப் பார்த்தே வளர்ந்தவள். இந்த மே மாதம் அவள் அணியை லித்துவேனியாவில் கௌனாஸ் நகரத்து கிளப் ஒன்று அழைத்திருக்கிறது. பத்து நாள், நான்கு ஆட்டம், இரண்டிரண்டு பேராக அங்குள்ள பிள்ளைகளின் வீடுகளில் தங்க வேண்டும், கடைசி நாள் கலை நிகழ்ச்சி. அந்தக் கடைசி நாளுக்காக இப்போதே தினம் ஒரு மணி நேரம் டான்ஸ் ஒத்திகை நடக்கிறது. ஆடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் மீதி ஒன்பது நாளும் ஒரு வீட்டில் இருக்கப்போகிறவளுக்கு அது மட்டும் போதுமா என்று மனசு கேட்கிறது. நாங்கள் சைவம், முட்டை சாப்பிடுவாள். விசா பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: கௌனாஸ்_மாணவி

அங்கிள், நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். முதலில் தங்கை எந்த ஊருக்கு வருகிறாள் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். முப்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு இது, ஆனால் 1937-லும் 1939-லும் ஐரோப்பிய சாம்பியன். இரண்டாவது தடவை சொந்த ஊரில் ஜெயித்தார்கள், அதற்காகவே கட்டிய அரங்கம் இன்னும் இங்கே நிற்கிறது. அடுத்த வருடமே நாடு சோவியத் கைக்குப் போய்விட்டது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் லித்துவேனியர்கள், அதில் சபோனிஸ் இந்த ஊர்க்காரர். விடுதலைக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் சொந்தக் கொடியோடு இறங்கி, பழைய சோவியத் நாடுகளின் கூட்டணியை 82-78 என்று வீழ்த்தி வெண்கலம் வாங்கினார்கள். இங்கே எந்தத் தாத்தாவிடம் சபோனிஸ் பெயரைச் சொன்னாலும் முகம் மலர்ந்துவிடும். என் வீட்டுக்காரப் பாட்டி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே அந்த வெண்கல ஆட்டத்தை முழுசாகச் சொல்லியிருக்கிறார், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். ஷால்டிபார்ஷ்சியாய் என்று ஒரு ஜில்லென்ற சூப், புளித்த பாலில் பீட்ரூட், வெள்ளரி, அவித்த முட்டை, பளிச்சென்ற ரோஜா நிறம், பக்கத்தில் சூடான உருளைக்கிழங்கு. நம்ம பீட்ரூட் பச்சடியை நீர்க்கக் கரைத்த மாதிரி இருக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். செப்பெலினாய் என்ற பெரிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையில் வழக்கமாக இறைச்சிதான் வைப்பார்கள், பாலாடைக்கட்டி வைத்ததும் உண்டு, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மேயில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் குளிரும், நல்ல ஜாக்கெட் ஒன்று அவசியம்.

வீட்டுக்குள் செருப்பு போடமாட்டார்கள், அது நமக்குப் பழகியதுதான். வாசற்படியைத் தாண்டிக் கை குலுக்கக் கூடாது. பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுக்க வேண்டும், இரட்டைப்படை துக்க வீட்டுக்கு. "லாபாஸ்" என்றால் வணக்கம், "ஆச்சூ" என்றால் நன்றி.

பதில்: பழைய_கோச்

சார், நான் வேறொரு நாட்டுக்குப் பையன்களைக் கூட்டிப்போனவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஷூ. நம் பிள்ளைகள் சிமெண்ட் தரையில் ஆடி அடிப்பகுதி வழவழவென்று தேய்ந்த ஷூவோடு போவார்கள், மரத் தரையில் கால் நிற்காது. எங்கள் பையன் ஒருவன் முதல் பாதியிலேயே இரண்டு தடவை வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான், அத்தனை தூரம் போய் மீதி ஆட்டங்களில் பெஞ்சில்தான் இருந்தான். அது என் தவறு, முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். புது ஷூவை இரண்டு வாரம் உள்ளரங்கில் மட்டும் போட்டுப் பழகட்டும், வெளியே போட வேண்டாம்.

இன்னொன்று, கோச்சிடம் பேசி ஒரு ஆட்டத்தையாவது இரண்டு அணியையும் கலந்து ஆட வையுங்கள். முதல் நாள் 40 புள்ளி வித்தியாசத்தில் தோற்று எங்கள் பையன்கள் யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கலந்து ஆடினோம். ஸ்கிரீன், ஸ்விட்ச், பாக்ஸ் அவுட் எல்லாம் அங்கேயும் அதே சொல்தானே, பத்து நிமிஷத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கலை நிகழ்ச்சி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பதில்: திருச்சி_அம்மா

விசா பற்றி மட்டும் சொல்கிறேன். ஷெங்கன் விசாதான், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. பிள்ளை மைனர் என்பதால் அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், 12 வயது ஆனவர்கள் கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை விடாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இது: லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் விளையாட்டு, கலாச்சார நிகழ்ச்சிக்கு அப்படிப்பட்ட அமைப்பின் சார்பில் போகும் 25 வயது வரையுள்ளவர்களுக்கு விசா கட்டணமே கிடையாது. அதனால் இரண்டு கிளப்பும் அப்படிப் பதிவானவையா என்று கேட்டு, அழைப்புக் கடிதத்தில் அதை எழுதி வாங்குங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

டான்ஸ் இருக்கட்டும் அண்ணா, பாப்பாவிடம் ஒரு பல்லாங்குழி கொடுத்து அனுப்புங்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்த வீட்டுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து ஆடலாம், அதற்குப் பாஷை வேண்டாம். புளியங்கொட்டை வேண்டாம், விதை வகைக்கெல்லாம் அங்கே கட்டுப்பாடு உண்டு, சோழி போடுங்கள். பால்கோவா மாதிரிப் பால் பண்டங்களும் வேண்டாம், கடலை மிட்டாய் போதும்.

தேனி_அப்பா

எல்லோருக்கும் நன்றி. கோச்சிடம் கலந்து ஆடுவதைப் பற்றிப் பேசினேன், அங்கே எழுதிக் கேட்கிறேன் என்றார். ஷூ இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறோம். எங்கள் அம்மாவின் பல்லாங்குழி மடக்கும் வகை, பரணில் இருந்து இறக்கியாயிற்று. நேற்று ராத்திரி பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து ஆடினார்கள், குழியில் நான்கு காய் சேர்ந்ததும் "பசு" எடுப்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று மகள் கேட்டாள். யாருக்காவது தெரியுமா?