புல்தரைக்குத் தண்ணீர் தினமுமா, வாரம் ஒரு தடவையா?

காட்பாடிக்காரன்:
வீட்டு முன்னால் ஒரு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது, புல்தரை போடலாம் என்று இருக்கிறோம். கொரியன் புல் வாங்கி நட்டால் கட்டுப்படியாகாது, பெர்முடா விதை வாங்கியாச்சு. செம்மண், மக்கின எரு எல்லாம் கலந்து மட்டம் பண்ணியாச்சு. தண்ணீர் விஷயத்தில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நர்சரிக்காரர் தினமும் விடணும் என்கிறார், எதிர்வீட்டு சார் வாரம் ஒரு தடவை போதும் என்கிறார். எது சரி? போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு.

வாலாஜா வாத்தியார்:
ரெண்டு பேர் சொல்வதும் சரிதான் தம்பி, புல்லின் வயசுதான் வேறு. பெர்முடா விதை கசகசா மாதிரி பொடிசு, மண்ணுக்கு மேலாகவே கிடக்கும், முளை விடுகிற சமயத்தில் ஒரு மதியம் மேல்மண் காய்ந்தால் போச்சு. அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஈரம் காட்டுகிற அளவுக்கு மட்டும், பூவாளியில் விடுங்கள். ஓஸ் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சினால் விதை பூராவும் பள்ளத்துக்கு ஓடிவிடும். பச்சை பரவினதும் தடவையைக் குறைத்து அளவைக் கூட்டணும். முதல் வெட்டுக்கு அப்புறம் தினமும் விடவே வேண்டாம். மேலேயே ஈரம் கிடைத்தால் வேர் எதற்குக் கீழே போகும்? ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள், ஐந்தாறு அங்குலம் லேசாக இறங்கினால் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சத்துவாச்சாரி அக்கா:
அளவு தெரியணும்னா, வளர்ந்த புல்லுக்கு வாரம் சுமார் 25 மில்லிமீட்டர். சதுர மீட்டருக்கு 25 லிட்டர், உங்க ஒரு சென்டுக்கு ஏறக்குறைய ஒரு 1000 லிட்டர் சின்டெக்ஸ். கத்திரி வெயிலில் இதற்கு மேலேயும் கேட்கும். நடந்து பாருங்கள், கால் தடம் நிமிராமல் அப்படியே இருந்தால் தாகம் என்று அர்த்தம். விடிகாலையில் விடுவதுதான் நல்லது, ராத்திரி பூராவும் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். உப்புத் தண்ணீருக்கும் வாத்தியார் சொன்ன முறைதான் சரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே வெள்ளையாகப் பூத்து நிற்கும், ஆழமாக விட்டால் கீழே இறங்கிவிடும்.

காட்பாடிக்காரன்:
நன்றி அக்கா. அப்போ இந்த வைகாசியிலேயே தூவிடலாமா?

வாலாஜா வாத்தியார்:
நம்ம ஊர் வைகாசியில் நாலு தடவை தெளித்தாலும் காய்ந்துவிடும், ஆள் வீட்டிலேயே இருக்கணும். ஆடிக்கு முன்னே பின்னே சாயந்திர மழை ஆரம்பித்ததும் போடுங்கள். ஐப்பசி அடைமழை வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள், விதையை அடித்துக்கொண்டு போய்விடும்.

குடியாத்தம் தோட்டம்:
அதுவரைக்கும் மண்ணைச் சும்மா விடாதீங்க. இப்பவே நாலைந்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் காட்டுங்கள், உள்ளே இருக்கிற கோரை எல்லாம் கிளம்பி வரும், கிழங்கோடு தோண்டி எடுத்துடலாம். புல் வந்தபிறகு அதைப் பிரித்து எடுக்கவே முடியாது.