புதுப்பிப்பு: கலோ மலையில காலைல ஸ்டார்ட் ஆகாத டீசல் லாரி, காரணம் கிடைச்சிருச்சு

குளிர்ல எஞ்சின் புடிக்காம ரொம்ப நேரம் சுத்தி வெள்ளப் புகையா தள்ளும், ஒருதடவ ஓடிட்டா அன்னிக்கு முழுக்க பிரச்சனையே இல்லன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அது சரியாயிருச்சு. க்ளோ ப்ளக்க (ஸ்டார்ட் பண்றப்ப எஞ்சின் உள்ள சூடேத்துற ப்ளக்கு) மாத்துன்னுதான் நெறைய பேரு சொன்னீங்க, ஆனா கழட்டி மீட்டர் வச்சுப் பாத்தா எல்லாமே ஒரே ஓம்தான் (மின்தடை அளவு) காட்டுச்சு, ஒண்ணும் அறுந்து போகல. வெள்ளப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியலன்னு அர்த்தம், அதனால டீசல் பைப்புல காத்து இழுக்குதோங்கிற சந்தேகத்த ஓரமா வச்சுட்டு கரண்டு பக்கம் போனோம்.

சாவியப் போட்டு ப்ளக்குங்கள சேக்குற தகட்டுல பாத்தா 15 வோல்ட்தான் வருது, பேட்டரில 24 நிக்குது! ப்ளக்குங்களுக்குக் கரண்ட விடுற சுவிட்ச், அதான் ரிலே, அதத் தொறந்தா உள்ள காண்டாக்ட் கருகி கரிப்பொட்டு மாதிரி இருக்கு. புது ரிலே போட்டு, எஞ்சின் எர்த் வயர் முனையையும் பளபளன்னு தேய்ச்சு இறுக்கினோம், இப்ப பனி கொட்டுற காலையிலயும் டக்குனு புடிக்குது.

ஈதர் ஸ்ப்ரே (சட்டுனு பத்திக்கிற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) அடிக்கச் சொன்ன தம்பிங்களுக்கு: க்ளோ ப்ளக் உள்ள வண்டில வேணவே வேணாம்பா, சூடான ப்ளக்குல பட்டா நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனே ஒடையும். யோசன சொன்ன அண்ணன்மாருக்கெல்லாம் ரொம்ப நன்றி.