'டோன்ட் ஹேவ் டு கம்'னா வேலை போயிருச்சா? அவசரம், யாராவது சொல்லுங்க

பாம்பன் பையன்:
அண்ணன்மாரே அக்காமாரே, சூப்பர்வைசர்ட்ட இருந்து இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு, அப்படியே போடுறேன். "யூ டோன்ட் ஹேவ் டு கம் இன் டுமாரோ. யூ ஷுட் ஹேவ் காட் த நியூ ரோட்டா. யூ மஸ்ட் பி டயர்ட்." நாளைக்கு வரவேண்டாம்னுட்டாங்க, எதையோ நான் வாங்கியிருக்கணும் வாங்கலைன்னு குறை வேற சொல்றாங்க, கடைசியில டயர்டா இருக்கணும்னு எதுக்கு சொல்றாங்கன்னே புரியல. ஊர்ல வட்டிக்கு வாங்கிட்டு வந்திருக்கேன், கை நடுங்குது. காலையில 6 மணிக்குப் போய் நிக்கவா வேணாமா?

தொண்டி காக்கா:
தம்பி, போய் நில்லுங்க. நான் 1998ல துபாய் வந்தப்ப ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு, மொத மூணு மாசம் சம்பளமே கையில வரல, வாப்பாவுக்கு மட்டும் நல்லாருக்கேன்னு லெட்டர் எழுதுவேன். ஒருநாள் போர்மேன் என்னையும் வரவேண்டாம்னாரு, நான் விடியறதுக்கு முன்னாடியே கேட்டுல போய் நின்னேன். அந்த வைராக்கியத்துலதான் இன்னைக்கு வரைக்கும் வேலை இருக்கு.

தங்கச்சிமடம் டு டொரண்டோ:
காக்கா கோவிச்சுக்காதீங்க, அப்படிப் போகவே கூடாது. வரவேண்டாம்னு எழுத்துல குடுத்தபிறகு உள்ள போய் கை கால்ல அடிபட்டா யாரு பொறுப்பு? நான் வந்த மொத குளிருல குடோன்ல வேலை, பூட்ஸ் வாங்கக் காசில்லாம ரெண்டு சாக்ஸ மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிப்பேன், கால் வெறகுக்கட்டை மாதிரி ஆயிரும். தம்பி பேசாம வேற வேலை தேடுங்க.

ஏர்வாடி கப்பக்காரர்:
கப்பல் சட்ட இங்கிலீஷ்ல கண்டிப்புன்னா அது ஷேல்தான். 1972ல போட்ட கடல் மோதல் தடுப்பு விதியில அஞ்சாவது விதி, எல்லாக் கப்பலும் எந்நேரமும் சுத்துமுத்தும் கண்ணும் காதுமா கவனிச்சே ஆகணும்னு சொல்லுது, அங்க இருக்குறது ஷேல். நான் அத மனப்பாடம் பண்ணித்தான் பரீட்சை பாஸ் பண்ணேன். உங்க மெசேஜ்ல ஷேல் இல்ல, பயப்படாதீங்க.

மண்டபம் பொண்ணு:
எங்க ஸ்கூல்ல போர்டுல ஒரு கட்டம் போடுவாங்க. மஸ்ட்னா வேண்டும், ஷுட்னா வேண்டும், ஹேவ் டுன்னா வேண்டும், நீட்னா வேண்டும். அஞ்சு மார்க்குக்கு அத அப்படியே எழுதி வாங்கிட்டோம், ஒண்ணுக்கொண்ணு என்ன வித்தியாசம்னு யாரும் சொல்லல. இங்க வந்து டாக்டர் "யூ ஷுட் வாக்"னப்ப அது கட்டளையா யோசனையான்னு தெரியாம நான் முழிச்சேன், அந்தக் கோவம் இன்னும் போகல.

தொண்டி காக்கா:
நம்ம பிள்ளைங்களுக்கு அங்கயே சொல்லித் தந்திருந்தா இந்தக் கஷ்டம் ஏன் வருது. ஏஜென்டுங்களும் காச வாங்குறதோட சரி, பாஷையப் பத்தி ஒரு வார்த்தை சொல்றதில்ல.

கீழக்கரை லாத்தா:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. தம்பி, எந்த நாடு, என்ன வேலை, சேந்து எத்தனை மாசம், ரோட்டா, அதான் யாருக்கு எந்த நாள் எந்நேரம் வேலைங்குற பட்டியல், எதுல வரும்? இதச் சொல்லாம கேட்டா ஆளுக்கொண்ணுதான் சொல்லுவாங்க.

பாம்பன் பையன்:
மன்னிச்சுக்கங்க அக்கா, பதட்டத்துல விட்டுட்டேன். இங்கிலாந்து, கிரிம்ஸ்பி, மீன் கம்பெனி. வீட்டுக்காரி பிஎச்டி படிக்க வந்தா, நான் கூட வந்தேன். ரெண்டு மாசம் ஆச்சு. ரோட்டா ஈமெயில்ல வரும்.

கீழக்கரை லாத்தா:
நானும் இங்கிலாந்துலதான் பெரியவங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் குடுக்குறேன், இந்த இடத்துல தடுக்கி விழாத தமிழாள நான் இன்னும் பாக்கல. காரணம் நம்ம 'வேண்டாம்'. ஊர்ல காத்து ஏறுச்சுன்னா 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்'னு அறிவிப்பாங்க, கடலுக்குப் போகக் குடுக்குற அனுமதி டோக்கன நிறுத்திருவாங்க, அங்க வேண்டாம்னா கூடாதுதான். ஆனா உங்க அம்மா 'நீ தண்ணி தூக்க வேண்டாம்யா, நான் பாத்துக்குறேன்'னா அது தடை இல்ல, உன் தலையில அந்த வேலை இல்லைங்குறது மட்டும்தான். நமக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லு, இங்கிலீஷ்காரன் பிரிச்சு வச்சிருக்கான். மஸ்ட் நாட்னா கூடாது, டோன்ட் ஹேவ் டுன்னா கட்டாயம் இல்ல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகு போகக்கூடாது, அது மஸ்ட் நாட். நாட்டுப்படகுக்காரர் கரையிலயே கெடக்கணும்னு கட்டாயம் இல்ல, அது டோன்ட் ஹேவ் டு. மஸ்ட்டும் ஹேவ் டுவும் கிட்டத்தட்ட ஒண்ணு, நாட் சேந்துச்சுன்னா ஆளுக்கொரு திசை.

அடுத்தது, ஷுட் ஹேவ் காட். குறை சொல்றாங்கன்னு நெனைச்சீங்க. 'இந்நேரம் பஸ் ராம்நாடு தாண்டியிருக்கணும்'னு சொல்றோம்ல, பஸ்ஸத் திட்டவா செய்யுறோம்? அது மாதிரி, ரோட்டா உங்களுக்கு வந்திருக்கணுமேங்குறாங்க. இதே வார்த்தையில குறையும் சொல்லலாம்தான், ஆனா மின்னாடி பின்னாடி வர்றதப் பாத்தா இங்க அது இல்ல. மஸ்ட் பி டயர்ட்ல வர்ற மஸ்ட் கட்டாயம் இல்ல, ஊகம். அது சுத்தமான அன்பு, 'அசந்து போயிருப்பேல்ல'ங்குறாங்க.

மண்டபம் பொண்ணு:
அக்கா அப்ப ஷுட்டு கட்டளையா இல்லையா?

கீழக்கரை லாத்தா:
ரோட்டு விதிய எழுதியிருக்குற ஹைவே கோடுல பாரும்மா, மஸ்ட், மஸ்ட் நாட்னு இருந்தா அது சட்டம், மீறுனாலே குத்தம். ஷுட்னு இருந்தா ஆலோசனை, மீறுனதுக்காக மட்டும் கேஸ் வராது, ஆனா விபத்துன்னு கோர்ட்டுக்குப் போனா அதையும் எடுத்துக் காட்டலாம். டாக்டர் சொல்ற ஷுட்ட தட்டி விட்டுராத, நடந்துரு. இன்னொண்ணு, 'யூட் பெட்டர்'னா நம்மாளுங்க 'செஞ்சா நல்லது'ன்னு எடுத்துக்குவாங்க, அது மஸ்ட்டுக்குப் பக்கத்துல நிக்குற எச்சரிக்கை, உடனே கவனிக்கணும்.

தம்பி, கம்பெனிச் சுவத்துல நீல வட்டத்துல வெள்ளைப் படம் இருக்கும் பாருங்க, கையுறை, தலைவலைன்னு. அது மஸ்ட். செவப்பு வட்டத்துல குறுக்கா கோடு போட்டிருந்தா மஸ்ட் நாட். எழுத்து புரியலன்னாலும் நிறத்தப் பாத்து நடந்துக்கலாம்.

இப்ப வேலைக்கு வாங்க. காக்கா சொன்ன மாதிரி போயும் நிக்காதீங்க, டொரண்டோ தம்பி சொன்ன மாதிரி வேற வேலையும் தேடாதீங்க. ஸ்பேம் பெட்டியில ரோட்டா இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இத அனுப்புங்க: "ஐ ஹேவன்ட் காட் த நியூ ரோட்டா. குட் யூ செண்ட் இட் அகெயின் ப்ளீஸ்? ஈஸ் டுமாரோ மை டே ஆஃப்?" ஒரு மாசத்துக்கு மேல வேலை பாத்த தொழிலாளிய நிறுத்தணும்னா இங்க சாதாரணமா ஒரு வாரமாவது நோட்டீஸ் குடுக்கணும், அது மஸ்ட். அப்பவும் சந்தேகம்னா, வேலை உரிமை பத்தி ஆலோசனை சொல்ற ஏகாஸ்ங்குற அமைப்புக்குப் போன் போட்டு இலவசமா ஆலோசனை கேக்கலாம்.

பாம்பன் பையன்:
அனுப்பிட்டேன் அக்கா, பத்து நிமிசத்துல பதில் வந்திருச்சு. ரோட்டா பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கு. நாளைக்கு லீவு, வெள்ளிக்கிழமை காலை 6 மணி. கீழ "யூ மஸ்ட் பிரிங் யுவர் லாக்கர் கீ"ன்னு இருக்கு, இது கட்டாயம்தானே?

கீழக்கரை லாத்தா:
கட்டாயம். இப்பவே எடுத்து சட்டைப் பையில போட்டுட்டு தூங்குங்க.