நீர்வழிப்படல்: ஈத்தூண்டிலுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர்,

பூச்சி போலக் கட்டிய செயற்கை ஈயை எறிந்து மீன் பிடிப்பது ஈத்தூண்டில் (fly fishing). அதில் ஈ நூலால் இழுபடாமல் நீரின் போக்கிலேயே போவதை ஆங்கிலத்தில் dead drift என்பார்கள். அதற்கு "அசையா மிதப்பு" என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. ஈ அசையாமல் இருப்பதில்லை, தண்ணீரோடு போய்க்கொண்டேதான் இருக்கிறது. மிதந்தாக வேண்டும் என்றும் இல்லை. நீர்ப்பரப்பில் நிற்கும் உலர் ஈக்கும் நாம் தேடும் சொல் பொருந்த வேண்டும், அடியில் கற்களை ஒட்டிப் போகும் நிம்ஃபுக்கும் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போலக் கட்டிய ஈ) பொருந்த வேண்டும்.

முதலில் ஓடையில் நடப்பதைப் பார்ப்போம். டிரவுட் மீன் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக, ஒரு கல்லின் மறைவிலோ, வேக நீரும் மெதுவான நீரும் சேரும் விளிம்பிலோ நிற்கும். இரை நீரோட்டத்தின் மேல்புறமிருந்து தானாக வந்து சேரும், அதைச் சுமந்து வரும் நீரின் வேகத்திலேயே. நாம் எறிந்த ஈயும் அப்படித்தான் வர வேண்டும். ஆனால் நூல் குறுக்கே கிடக்கிறதே! சின்ன ஓடையில் கையகலத்துக்கு ஒரு வேகம் இருக்கும். நடுவில் ஓடும் வேக நீர் நூலை வளைத்துக் கீழே கொண்டுபோனால், ஈயும் பின்னாலேயே இழுபட்டு நீர்ப்பரப்பைக் கீறிக்கொண்டு போகும். மீன் பெரும்பாலும் அதைத் தொடாது. மிரண்டு ஒளிந்துகொள்வதும் உண்டு. இதனால்தான் ஓடையில் பிடிப்பவர்கள் தூரம் எறிய ஆசைப்படுவதில்லை. கீழ்ப்புறமிருந்து குனிந்து நெருங்கி, கோலை உயர்த்திப் பிடித்து, கனமான நூலைத் தண்ணீரில் படவிடாமல், ஈயும் அதைக் கட்டிய மெல்லிய நுனி நரம்பும் மட்டும் நீரைத் தொடும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஜப்பானியத் தென்காரா முறையில் நூல் சுற்றும் உருளையே கிடையாது. நீண்ட கோலின் நுனியிலேயே நூலைக் கட்டிவிடுவார்கள். அங்கும் நோக்கம் இதுவே.

ஆக, ஈயை எதுவும் இழுக்கவில்லை, நீர் போகும் வழியில் அதுவும் போகிறது. இதற்கு "நீர்வழிப்படல்" என்பதை முன்வைக்கிறேன். புணை (தெப்பம்) நீர்வழிப்படுவதாகச் சங்கப் பாட்டிலேயே ஆட்சி உண்டு. மிதப்பது, மூழ்குவது இரண்டும் இதில் அடங்கும். வினையாகவும் புழங்கும்: "ஈ நன்றாக நீர்வழிப்பட்டு வந்தது." சொல் நீளமாக இருக்கிறது என்பீர்கள். பேச்சில் "வழிப்படுது" என்று சுருங்கினால் சுருங்கட்டும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

எதிர்ச்சொல்லுக்கு "இழுபடல்" போதும். "இழுவை" வேண்டாம். இயற்பியலில் அது நீரும் காற்றும் தரும் தடைவிசைக்கு வழங்குகிறது. இங்கே நடப்பது தடை இல்லை, நூல் ஈயை இழுத்துக்கொண்டு போவது.

அப்புறம், ஈ இழுபடாமல் இருக்க, விழுந்த நூலைக் கோல்நுனியால் தூக்கி வேறு பக்கம் வளைத்துப் போடும் செயல் (mending). "எதிரேற்றல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நமக்கும் ஈக்கும் நடுவில் வேக நீர் இருந்தால் நூலை நீரோட்டத்தின் மேல்நோக்கிப் போடுவோம், அது சரி. நடுவில் இருப்பது தேங்கிய நீராக இருந்தால் கீழ்நோக்கியல்லவா போட வேண்டும்? இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக "நூலொதுக்கல்" என்று வைக்கலாம். இதைவிடக் குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், நம் கலைச்சொல் பட்டியலை முடிக்கும் முன் சேர்த்துவிடலாம்.