பாப்-பங்க் (வேகமும் மெலடியும் கலந்த ராக்): உங்க டாப் 5 பேண்ட் யாரு?

பேஸ்பைத்தியம்:
என் வரிசை: கிரீன் டே, பிளிங்க்-182, பாராமோர், சம் 41, ஆஃப்ஸ்ப்ரிங். கிரீன் டே முதலிடத்துக்குக் காரணம் 1994ல வந்த அவங்க ஆல்பம் 'டூக்கி'. அதுல 'லாங்வியூ' பாட்டு ஆரம்பத்தை ஹெட்போன்ல கேளுங்க. டிரம்ஸுக்கு மேல அவங்க பேண்ட் ஆள் மைக் டர்ன்ட்டோட பேஸ் கிட்டார் சோம்பேறித்தனமா உருண்டுகிட்டே வரும், கோரஸ்லதான் கிட்டார் வந்து மொத்தமா இடிக்கும். யாருக்காவது ஆட்சேபணை?

இரட்டைக்கிக்:
இருக்கு தலைவா. டிரம்மர் டிராவிஸ் பார்க்கர் இருக்கிற பிளிங்க்-182 ரெண்டாவதா? அவங்க 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' ஆல்பத்துல மூணே கார்டு (chord) பாட்டைக்கூட அந்த மனுஷன் டிரம்ஸ்லயே தூக்கி நிறுத்தியிருப்பார். இன்னொண்ணு: அதைத் தயாரிச்ச ஜெர்ரி ஃபின்தான் 'டூக்கி' மிக்ஸிங்லயும் இருந்தவர். சம் 41ஓட 'ஆல் கில்லர் நோ ஃபில்லர்' தயாரிப்பும் அவர்தான். உங்க டாப் 5ல மூணு பேண்ட் ஒரே ஆள் கைபட்டது!

பழையகேசட்:
தம்பிகளா, டிசென்டன்ட்ஸ் எங்கப்பா? 1982லயே இந்த வேகத்துக்குள்ள மெலடியைப் புகுத்தினவங்க. பாடகர் மைலோ காலேஜுக்குப் போறார்னு ஆல்பத்துக்கே அந்தப் பேரை வெச்சாங்க. சொன்ன மாதிரியே படிச்சு உயிரியல்ல டாக்டர் பட்டமும் வாங்கிட்டார். இவங்க இல்லாத லிஸ்ட் செல்லாது.

பேஸ்பைத்தியம்:
அண்ணே, ஆஃப்ஸ்ப்ரிங் பாடகர் டெக்ஸ்டர் ஹாலண்டும் மூலக்கூறு உயிரியல் டாக்டர்தான், 2017ல. டாக்டருக்கு டாக்டர் சரியாப்போச்சு. ஆனா 5வது இடத்தை டிசென்டன்ட்ஸுக்கே கொடுத்துடறேன். பாராமோரை மட்டும் யாரும் தொடக்கூடாது.