டைரக்டரியில் பதிவு போட்டால் இன்னும் கூகுளில் மேலே வருமா?

விளக்குப்பட்டறை:
நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்குப் பட்டறை, மயிலாடுதுறையில் விற்பனைக் கடை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வெப்சைட். 300 டைரக்டரியில் (கடைகளையும் வெப்சைட்டுகளையும் பட்டியல் போடும் தளங்கள்) லிங்க் போட்டுத் தருகிறோம், 4,000 ரூபாய், மூன்று மாதத்தில் முதல் பக்கம் என்று ஒரு ஏஜென்சி கேட்கிறது. முன்பு சைட் செய்தவரும் எங்கெங்கோ பதிந்து வைத்திருக்கிறார். நம் தளத்தைப் பற்றிக் கூகுள் விவரம் தரும் சர்ச் கன்சோலைத் திறந்தால், நமக்கு லிங்க் கொடுத்த இடத்தில் பெயரே கேள்விப்படாத தளங்கள் வரிசையாக நிற்கின்றன. பணம் கொடுக்கலாமா? பழையதை என்ன செய்வது?

அரசலாறு:
கொடுக்காதீர்கள். "முதல் பக்கம்" என்று யார் உத்தரவாதம் தந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

டைரக்டரி லிங்க்குக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்ததற்குக் காரணம், ஆள் உட்கார்ந்து பார்த்துச் சேர்த்தார்கள். யாஹூ டைரக்டரியும், தன்னார்வலர்கள் தொகுத்த டிமாஸ் டைரக்டரியும் அப்படித்தான் நடந்தன. டிமாஸ் பட்டியலை வைத்தே கூகுள் தனியாக ஒரு டைரக்டரி நடத்தியது, 2011-ல் மூடியது. யாஹூ டைரக்டரி 2014 கடைசியில் போனது, டிமாஸ் 2017 மார்ச்சில். இப்போது ஏஜென்சி சொல்லும் 300-ம் ஒரே ஸ்கிரிப்ட்டில் ஓடுபவை. யார் எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும்.

2012 ஏப்ரலில் பென்குயின் என்ற கூகுள் அப்டேட் வந்தபோது இந்த மாதிரி லிங்க் வைத்திருந்த தளங்கள் கீழே போயின. 2016-க்குப் பிறகு பென்குயின் கூகுளின் மூல அல்காரிதத்திலேயே சேர்ந்துவிட்டது. மட்டமான லிங்க்கைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். ஆக 4,000 ரூபாய்க்கு நல்லபடியாகப் போனால் கிடைப்பது பூஜ்யம். தரமில்லாத டைரக்டரி லிங்க்குகளை ஸ்பாம் விதிகளில் கூகுள் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

குடமுருட்டி:
லிங்க்குக்காக என்றால் அரசலாறு சொன்னது சரி. ஆனால் வாடிக்கையாளர் தானே போய்த் தேடும் இடங்களையும் இதே கணக்கில் தள்ளிவிட வேண்டாம். இண்டியாமார்ட்டில் மொத்த வியாபாரி தேடுகிறார், ஜஸ்ட்டயலில் உள்ளூர்க்காரர் தேடுகிறார். அங்கே லிங்க் நோஃபாலோவாக (ரேங்க்குக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறியோடு) இருந்தால் என்ன, போன் வந்தால் போதும்.

புதிதாக ஒரு டைரக்டரி கண்ணில் பட்டால் இப்படிப் பாருங்கள். கூகுளில் site: என்று அடித்து, ஒட்டியே அதன் முகவரியைப் போடுங்கள். அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும். கடைப் பக்கங்கள் இண்டெக்ஸே ஆகவில்லை, அதாவது கூகுளில் ஏறவே இல்லை என்றால் விட்டுவிடலாம். பிறகு "கும்பகோணம் பித்தளை விளக்கு" என்று சாதாரணமாகத் தேடி, அந்தத் தளம் முதல் இரண்டு பக்கத்தில் எங்காவது தலைகாட்டுகிறதா பாருங்கள். காட்டினால் பதியலாம். சூதாட்ட விளம்பரமும் கடன் ஆப்பும் பக்கத்துக்குப் பக்கம் தொங்கினால் வேண்டாம்.

பதியும்போது பெயர், முகவரி, போன் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். டெல்டாவில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. பழைய லிஸ்டிங்கில் இன்னும் "நாகப்பட்டினம் மாவட்டம்" என்றிருக்கும். ஒன்றில் மாயவரம், இன்னொன்றில் மயிலாடுதுறை. இங்கிலீஷில் நாச்சியார்கோவிலை எழுத நாலு விதம். ஒன்றை முடிவு செய்து அதையே எல்லா இடத்திலும் போடுங்கள். இன்னொன்று, சில தளங்கள் உங்கள் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் விர்ச்சுவல் நம்பரைக் காட்டும். அதைத் தப்பித்தவறி வெப்சைட்டில் ஒட்டிவிடாதீர்கள். பேக்கேஜ் முடிந்ததும் அந்த நம்பர் உங்களுடையதாக இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது மேப்பில் காட்டும் உங்கள் கடைப் பதிவு. போர்டில் என்ன பெயரோ அதுதான். பெயரோடு "சிறந்த குத்துவிளக்கு கடை" என்று ஒட்டினால் சஸ்பெண்ட் ஆக வாய்ப்புண்டு. பிரைமரி கேட்டகரி ஒன்று, கூடுதலாக 9 வரை. பட்டறைக்கு வாடிக்கையாளர் நேரில் வந்து வாங்குவார் என்றால் அதற்குத் தனி புரொஃபைல், தனி போன் நம்பர். வீடியோ வெரிஃபிகேஷன் கேட்டால் தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, கடை போர்டு, உள்ளே சரக்கு, ஷட்டரை நீங்களே திறப்பது வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்.

விளக்குப்பட்டறை:
நன்றி சார். பழைய டிசைனர் போட்டதில் எல்லா லிங்க்கிலும் "பித்தளை விளக்கு விலை" என்ற ஒரே வாசகம். டிஸ்அவோ (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது) செய்துவிடட்டுமா?

வெண்ணாறு:
அவசரப்படாதீர்கள். முதலில் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்தைத் திறங்கள். கூகுள் ஆட்களே பார்த்து உங்கள் தளத்துக்குத் தண்டனை போட்டிருந்தால் அங்கே தெரியும். ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். டிஸ்அவோவில் கைதவறி நல்ல தளத்தை வெட்டியவர்கள்தான் அதிகம்.

மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தாலோ, பழைய டிசைனர் காசு கொடுத்து வாங்கிய லிங்க் ஏராளம் என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தாலோ மட்டும் செய்யுங்கள். முடிந்தவரை அந்தத் தளங்களுக்கு எழுதி லிங்க்கை நீக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை யூடிஎஃப்-8 டெக்ஸ்ட் ஃபைலில், வரிக்கு ஒன்றாக, இங்கிலீஷில் domain என்ற சொல், முக்காற்புள்ளி, தளத்தின் பெயர் என்று எழுதுங்கள். டிஸ்அவோ கருவி கன்சோல் மெனுவில் இருக்காது, தனிப் பக்கம். உங்கள் தளத்தைக் கன்சோலில் டொமைன் ப்ராப்பர்ட்டியாக (முழு டொமைனையும் ஒன்றாக) சேர்த்திருந்தால் அதை அது ஏற்காது. https-ல் தொடங்கும் முகவரியைப் போட்டு யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ் ப்ராப்பர்ட்டி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை ஏற்றும் ஃபைல் முதலாவதை அழித்துவிடும், அதனால் முழுப் பட்டியலையும் வைத்தே ஏற்ற வேண்டும். பலன் தெரிய சில வாரம் ஆகும்.

அரசலாறு:
அந்த 4,000-ஐ எங்கே போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேப்பில் வரும் கடைகளுக்குத் தூரம் முக்கியம். தாம்பரத்தில் இருந்து "குத்துவிளக்கு கடை" என்று தேடுபவருக்கு கூகுள் தாம்பரம் கடையைத்தான் காட்டும், எத்தனை டைரக்டரி போட்டாலும் அது மாறாது. வெளியூர் ஆர்டர் உங்கள் சரக்குப் பக்கம் வழியாகத்தான் வர முடியும்.

இப்போது நிறையக் கடைகளில் எல்லா விளக்கும் ஒரே கேலரியில், "விலைக்கு அழைக்கவும்" என்று கிடக்கிறது. கூகுள் அதில் எதைப் படிக்கும்? ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பக்கம் வையுங்கள்: உயரம் எத்தனை இன்ச், எடை எத்தனை கிலோ, எத்தனை முகம், உச்சியில் அன்னமா வேறா, கழற்றிப் பூட்டும் மரையா, பார்சல் செலவு எவ்வளவு. காவிரி வண்டல் அச்சில் வார்ப்பதை உங்கள் பட்டறையிலேயே போட்டோ எடுத்துப் போடுங்கள். அந்தப் படமெல்லாம் எந்த டைரக்டரியிலும் இருக்காது. கைவினைச் சங்க உறுப்பினர் பட்டியலிலோ கண்காட்சிப் பக்கத்திலோ உங்கள் பெயர் இருந்தால், சைட் முகவரியையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படி ஒரு லிங்க், ஏஜென்சியின் முந்நூறுக்கும் மேல்.

குடமுருட்டி:
டைரக்டரியில் கொடுக்கும் வெப்சைட் முகவரிக்குப் பின்னால் தளத்துக்கு ஒன்றாக யூடிஎம் சோர்ஸ் (எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்று காட்டும் குறி) போட்டு வையுங்கள். எங்கிருந்து ஆள் வருகிறார் என்று அனலிடிக்ஸில் தனித்தனியாகத் தெரியும். தை முகூர்த்த சீசன் முழுக்க ஒரு விசிட்டும் ஒரு போனும் வராத பெய்ட் பேக்கேஜைப் புதுப்பிக்காதீர்கள். இலவச லிஸ்டிங் மட்டும் இருக்கட்டும், முகவரி சரியாக இருக்கிற வரைக்கும்.