இங்கிலீஷில் எங்கே ‘டு’ போடுவது, எங்கே ‘இங்’ போடுவது?

தேயிலைப்பூ, பண்டாரவளை:
எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுகிறேன். ‘ஐ என்ஜாய் டு மீட் பீப்பிள்’ என்ற வரியைப் பக்கத்து வீட்டு அக்கா ‘என்ஜாய் மீட்டிங்’ என்று மாற்றினார், ஆனால் ‘ஐ வாண்ட் டு வர்க்’ என்பதைத் தொடவில்லை. கடைசி வரியில் ‘லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ பிழையாம், ‘டு மீட்டிங் யூ’ என்று வர வேண்டுமாம். ‘டு’வுக்குப் பிறகு வினைச்சொல் மாறாமல்தான் வரும் என்று டியூஷனில் படிப்பித்தார்களே? மனப்பாடம் வேண்டாம், எனக்கு விளங்க வேண்டும்.

மலைக்காற்று:
தங்கச்சி, அக்கா சொன்னது எல்லாம் சரி. எந்த வடிவம் வரும் என்பதை முன்னால் நிற்கும் வினைதான் தீர்மானிக்கிறது. வாண்ட், ஹோப், டிசைட், பிளான், ரிஃப்யூஸ் என்றால் ‘டு’, அதுதான் இன்ஃபினிட்டிவ். என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், மைன்ட் என்றால் ‘இங்’. நமக்கு ஏன் குழம்புகிறது என்றால், தமிழில் ‘போக ஆசை’, ‘போக முடியும்’, ‘போக விட்டார்’ எல்லாவற்றுக்கும் ஒரே ‘போக’ போதும். அங்கே ‘வாண்ட் டு கோ’வில் மட்டும்தான் ‘டு’ உண்டு, ‘கேன் கோ’, ‘லெட் மீ கோ’ இரண்டிலும் கிடையாது.

லுக் ஃபார்வர்டில் இருப்பது வேறு ‘டு’. ‘ஐ வென்ட் டு ஹட்டன்’ என்பதில் வருகிறதே, அந்த வேற்றுமை உருபு மாதிரியான ‘டு’. பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: ‘லுக் ஃபார்வர்ட் டு த இன்டர்வியூ’ சரியாக நிற்கிறது, அதனால் அங்கே வினை வந்தால் ‘இங்’ சேரும். ‘வாண்ட் டு த இன்டர்வியூ’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்’ என்பதும் இதே கதைதான், ஆகவே ‘யூஸ்ட் டு வர்க்கிங் இன் த கோல்ட்’. ஆனால் ‘ஆம்’ இல்லாமல் ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் ஹட்டன்’ என்றால் முன்பு அங்கே இருந்தேன், இப்போது இல்லை என்று அர்த்தம், அங்கே இன்ஃபினிட்டிவ்தான்.

கொழுந்துக்கூடை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ‘டு’ இனி நடக்கப்போவதைப் பார்க்கிறது, ‘இங்’ நடந்ததை அல்லது நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறது. ‘ஐ ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ’ என்றால் டீ குடிப்பதற்காக வேலையை நிறுத்தினேன். ‘ஐ ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’ என்றால் டீயையே விட்டுவிட்டேன், நம்ம பக்கத்தில் அது பெரிய செய்தி! ‘ரிமெம்பர் டு லாக் த டோர்’ என்றால் மறக்காமல் பூட்டு, ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. இதை முழு விதியாக எடுக்காதீர்கள், சஜெஸ்ட், கன்சிடர் இரண்டும் நடக்காத காரியத்துக்கும் ‘இங்’தான் கேட்கும்.

தேயிலைப்பூ, பண்டாரவளை:
ரொம்ப நன்றி, பெயர்ச்சொல்லை வைத்துப் பார்ப்பது உடனே பிடிபட்டது. அப்போ ‘தே மேட் மீ டு வெயிட்’ என்பதிலும் ‘டு’ வராதா? ஹெல்ப்புக்கு?

மலைக்காற்று:
மேக்குக்கு வராது, ‘தே மேட் மீ வெயிட்’. ஆனால் செயப்பாட்டுவினையாக மாற்றினால் ‘டு’ திரும்ப வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. பரீட்சையில் கேட்கப் பிடித்த இடம் இது, கவனம். ஹெல்ப்புக்கு இரண்டும் சரி, ‘ஐ ஹெல்ப்ட் ஹர் கேரி த பேக்’, ‘ஐ ஹெல்ப்ட் ஹர் டு கேரி த பேக்’, எதை எழுதினாலும் யாரும் வெட்ட முடியாது. கடிதத்தை அனுப்புமுன் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.